பழைய ஸ்டான்லி இழைப்புளியை இனங்கண்டு வேலைக்குக் கொண்டுவருதல்

பழைய இரும்பு இழைப்புளி ஒன்று கைக்குக் கிடைத்தால், பெரும்பாலோர் முதலில் வெட்டுத்தகட்டைக் கழற்றி அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்க்கின்றனர். உண்மையில் அதைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது. தகடு தேயும் பொருள். தேய்ந்தால் மாற்றப்படும் பொருள். நூறு ஆண்டுகளில் ஓர் இழைப்புளி மூன்று நான்கு தகடுகளைக் கண்டிருக்கக்கூடும். தகட்டை அழுத்திப் பிடிக்கும் மூடியான லீவர் கேப், கைப்பிடி, முன்குமிழ் ஆகியவையும் உடைந்தோ தொலைந்தோ வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டிருக்கலாம். மாற்ற முடியாதது வார்ப்பிரும்பு உடல் ஒன்றுதான். எனவே கருவியின் வயதை அறியவும், அது வேலைக்கு உதவுமா என்று முடிவு செய்யவும் உடலைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இன்று நாம் ‘இரும்பு இழைப்புளி’ என்று சொல்லும் வடிவத்தை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெனார்ட் பெய்லி உருவாக்கினார். அவருடைய காப்புரிமைகளை கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் நிறுவனம் 1869-இல் வாங்கியது. அதற்கு முந்தைய மர இழைப்புளிகளில் தகட்டை ஆப்பு வைத்து இறுக்கிச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். நம் ஆசாரிகளின் மர இழைப்புளியும் அந்த முறையில் இயங்குவதுதான். பெய்லியின் அமைப்பில் தகட்டுக்குப் பின்னால் உள்ள பித்தளைச் சக்கரத்தை விரலால் திருப்பினாலே தகடு மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகர்கிறது. தகடு படுத்திருக்கும் 45 டிகிரிச் சாய்மேடையை ஆங்கிலத் தச்சர்கள் தவளை என்ற பொருளில் ‘ஃப்ராக்’ என்கின்றனர். ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ளலாம். அது இரண்டு திருகுகளால் உடலோடு இணைந்திருக்கும்; வெட்டுத்தகட்டின் மேல் மேல்தகடும், இரண்டையும் சேர்த்து அழுத்தும் லீவர் கேப்பும் அமரும். பிற்காலத்தில் பல நாடுகளில் பல நிறுவனங்கள் செய்த இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பையே பின்பற்றின. ஆகவே ஸ்டான்லியைப் படிக்கக் கற்றவருக்கு மற்றவை எளிதில் விளங்கும்.

எண்களைப் படித்தல்

முதலில் அளவை அறிய வேண்டும். ஸ்டான்லியின் எண்கள் அங்குலத்தைக் குறிப்பவை அல்ல, சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் வரிசை எண்கள். எண் 3 சுமார் 8 அங்குல நீளமும், எண் 4 சுமார் 9 அங்குல நீளமும் கொண்டவை. இவை பரப்பை மெருகூட்டுவதற்கானவை. எண் 5 என்பது 14 அங்குல நீளமுள்ள ‘ஜாக்’. முரட்டு வேலை முதல் ஓரளவு நயமான வேலை வரை எதற்கும் கொடுக்கலாம். எண் 6 என்பது 18 அங்குலம், எண் 7 என்பது 22 அங்குலம், எண் 8 என்பது 24 அங்குலம். நீண்ட விளிம்புகளை நேராக்குவதற்காக இவற்றுக்கு இந்த நீளம். எண் 4-க்கும் 5-க்கும் தகட்டின் அகலம் 2 அங்குலம், எண் 7-க்கு 2⅜ அங்குலம். எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ‘சி’ எழுத்து இருந்தால் அடிப்பரப்பில் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் இருக்கும். உராய்வைக் குறைப்பதற்காக என்று அதை விற்றனர். மெழுகுவர்த்தியை இரண்டு முறை தேய்த்தால் கிடைக்கும் பலனைவிட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஐந்தரை அங்குல நீளமுள்ள எண் 1 மிக அரிது. அதை யாராவது மலிவாகத் தந்தால் பிற்காலத்தில் செய்த நகலாக இருக்கக்கூடும் என்று ஐயப்படுவது நல்லது.

காலத்தை அறியும் குறிகளில் முதன்மையானவை உடலில் உள்ளவை. ஃப்ராக்குக்குப் பின்னால், பித்தளைச் சக்கரத்துக்குக் கீழே உள்ள படுகையில், காப்புரிமைத் தேதிகள் வார்ப்பிலேயே எழுத்தாக எழுந்து நிற்கும். மார்ச் 25, 1902 என்றும் ஆகஸ்ட் 19, 1902 என்றும் இரண்டு தேதிகள் மட்டும் இருந்தால், அது 1902-க்கும் 1910-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. அவற்றோடு ஏப்ரல் 19, 1910 சேர்ந்து மூன்று தேதிகள் இருந்தால் 1910-க்குப் பிந்தையது. மூன்றும் இருந்து, முன்குமிழ் குட்டையாகவும் பித்தளைச் சக்கரம் ஓர் அங்குல விட்டமுள்ள சிறியதாகவும் இருந்தால் முதல் உலகப் போர்க் காலம் வரையிலானது என்று கொள்ளலாம். குமிழ் உயரமாகி, சக்கரமும் ஒன்றேகால் அங்குலமாகப் பெருத்திருந்தால் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு வந்துவிட்டோம். 1920-களின் நடுப்பகுதியில் 1910-ஆம் ஆண்டுத் தேதி ஒன்று மட்டும் எஞ்சியது. பின்னர் அதுவும் மறைந்தது. காப்புரிமைத் தேதி சொல்வது ‘இதற்கு முன்பு செய்யப்பட்டதில்லை’ என்பதை மட்டுமே. அதைப் பார்த்து ‘இது 1902-இல் செய்தது’ என்று விற்பவர்கள் உண்டு.

ஃப்ராக்கும் லீவர் கேப்பும் அடுத்த சான்றுகள். தகட்டை இடவலமாகச் சாய்க்கும் பக்கவாட்டு நெம்பு 1880-களின் நடுவில்தான் வந்தது. அது அறவே இல்லாதிருந்தால் கருவி அதற்கு முந்தையது. ஃப்ராக்கை முன்பின் நகர்த்தும் சிறு திருகு, பித்தளைச் சக்கரத்துக்குக் கீழே, 1907-ஐ ஒட்டிச் சேர்க்கப்பட்டது. லீவர் கேப்பில் ‘ஸ்டான்லி’ என்ற பெயர் பெரிதாக வார்க்கப்பட்டிருந்தால் அது 1925-க்குப் பிந்தைய உறுப்பு. அதன் துளை சாவித்துளை வடிவில் இருந்தால் 1933-க்கு முந்தையது, சிறுநீரக வடிவில் இருந்தால் பிந்தையது. வெட்டுத்தகட்டின் மேல்முனையில் இதயச் சின்னத்துக்குள் ‘எஸ்.டபிள்யூ.’ எழுத்துகள் இருந்தால் அந்தத் தகடு 1920-களையும் 1930-களின் தொடக்கத்தையும் சேர்ந்தது. ஸ்டான்லி ஒர்க்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த வில்லியம் ஹார்ட்டின் பெயரை, ஆங்கிலத்தில் இதயத்தைக் குறிக்கும் சொல்லோடு அதற்கிருந்த ஒலியொற்றுமையை வைத்து, படமாக்கிய முத்திரை அது. அழகான முத்திரைதான்; ஆனால் மேலே சொன்னபடி அது தகட்டின் வயதைச் சொல்லுமே தவிர உடலின் வயதைச் சொல்லாது.

இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளில் செய்தவை தனியினம். பித்தளை போர்த் தேவைக்குப் போய்விட்டதால் ஆழச் சக்கரம் எஃகாகவோ கெட்டி ரப்பராகவோ இருக்கும். கைப்பிடிக்கு ரோஸ்வுட் இல்லாமல் சாயம் பூசிய வேறு கடினமரம் வந்தது. உடல் வார்ப்பு வழக்கத்தைவிடத் தடிமனாக, கனமாக இருக்கும். சேகரிப்பவர்கள் இவற்றை அழகற்றவை என்று ஒதுக்குவதுண்டு. முறுக்கிழை மரத்தில் வேலை செய்பவருக்கு அந்தக் கூடுதல் கனம் ஒரு வரம். 1960-களில் கறுப்பு வண்ணம் மாறி உடல் நீல வண்ணம் பூண்டது. நீல உடல் என்றால் தயங்குவது என் வழக்கம், ஏனெனில் அந்தக் காலத்தில் உறுப்புகளின் இழைப்பு நயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் விலை குறைவாக, நிலை நன்றாக இருந்தால் அதிலும் வேலை நடக்கும்.

‘பதினோராம் வகை’, ‘பதின்மூன்றாம் வகை’ என்று சேகரிப்போர் பேசும் வகைப்பாடு நிறுவனம் வகுத்ததல்ல. கிடைத்த கருவிகளை ஒப்பிட்டுப் பிற்காலத்தவர் உருவாக்கியது. தொழிற்சாலையில் மீந்த பழைய உறுப்புகள் புதிய உடல்களில் பொருத்தப்பட்டன, ஒரு மாற்றம் எல்லா எண்களுக்கும் ஒரே நாளில் வரவில்லை. எனவே இரண்டு வகைகளின் அடையாளங்கள் கலந்த ஒரு கருவி போலி என்றோ ஒட்டுப்போட்டது என்றோ உடனே தீர்ப்பளித்துவிடக் கூடாது.

மற்ற பெயர்களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்டு முதன்மையானது. 1931-இல் தொடங்கிய அதன் இழைப்புளிகளில் எண்ணுக்கு முன்னால் ஒரு சுழி இருக்கும், 04 என்றால் ஸ்டான்லியின் எண் 4. ஸ்டான்லியும் 1930-களின் பிற்பாதியில் ஷெஃபீல்டில் தயாரிக்கத் தொடங்கியது. அவற்றில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று வார்க்கப்பட்டிருக்கும், மேலே சொன்ன அமெரிக்கக் காலக்குறிகள் அவற்றுக்கு அப்படியே பொருந்தா. மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனம் நீளத்தையே எண்ணாக வைத்ததால் அதன் எண் 9, ஸ்டான்லியின் எண் 4-க்கு இணை. சார்ஜென்ட்டின் 409-உம் அதுவே. ஸ்டான்லியிலேயே 600-இல் தொடங்கும் ‘பெட்ராக்’ வரிசையில் ஃப்ராக் முழுப் பரப்பாக உடலில் அமர்வதால் அதிர்வு குறைவு. விலை பல மடங்கு, வேலையில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. மர இழைப்புளிகளில் செய்தவரின் பெயர் முன்முகத்தில் குத்தியிருக்கும். அங்கேயே அதை வைத்திருந்தவர்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரில் ஃபிரான்சிஸ் நிக்கல்சனிடம் அடிமையாயிருந்து, அவர் 1753-இல் இறந்தபோது அவருடைய உயிலால் விடுதலை பெற்று, பின்னர் தன் பெயரையே முத்திரையாகக் குத்தி இழைப்புளி செய்த சீசர் செலரின் பெயரை ஒரு மரக்கட்டையில் காண நேர்ந்தால், அதைத் தீட்டத் தொடங்காமல் ஓர் அருங்காட்சியகத்திடம் காட்டுவதே முறை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

துரு அச்சுறுத்த வேண்டியதில்லை. விரிசல் அச்சுறுத்த வேண்டும். அடிப்பரப்பில் தகடு வெளிவரும் திறப்பான வாயின் இரு மூலைகளிலிருந்து பக்கச் சுவர்கள் வரை விரல்நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த இழைப்புளி அங்கேதான் பிளக்கும். பற்றவைத்துத் தேய்த்து மறைத்திருந்தால் அந்த இடத்தில் உலோகத்தின் நிறம் சற்று மாறியிருக்கும். வார்ப்பிரும்பில் பற்றவைப்பு உடலைக் கோணலாக்கும் என்பதால் அத்தகைய கருவியை விட்டுவிடலாம். அடுத்து, வெட்டுத்தகட்டின் நீண்ட துளைக்கும் கூர்முனைக்கும் இடையே எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரை அங்குலம்கூட இல்லையென்றால் புதிய தகட்டின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகட்டின் தட்டையான முதுகில், கூரை ஒட்டிய பகுதியில் ஆழமான துருக்குழிகள் இருந்தாலும் அதே கதைதான், ஏனெனில் குழி கூரைச் சேரும் இடத்தில் கூர் பல்லாகிவிடும்.

திருகுகள் அனைத்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது முக்கியம். ஸ்டான்லியின் ஃப்ராக் திருகுகளும் கைப்பிடித் தண்டுகளும் 12-20 என்ற அளவில் மரையிடப்பட்டவை. அது எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்காது. ஆழச் சக்கரத்தின் மரை இடப்பக்கமாகச் சுற்றுவது. கழற்றத் தெரியாமல் வழக்கமான திசையில் முரட்டுத்தனமாகத் திருகிக் கெடுத்துவிடுபவர்கள் பலர். அதன் அளவும் தனியானது. ஆகவே சக்கரம் இல்லாத இழைப்புளியை உதிரிக்காகவே வாங்க வேண்டும். உடைந்த கைப்பிடியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதைப் பசை போட்டு ஒட்டலாம், இல்லையேல் ஒரு துண்டு ஈட்டி மரத்தில் நாமே செய்துகொள்ளலாம்.

துருநீக்கம், தீட்டுதல்

முழுவதும் கழற்றிய பின் மண்ணெண்ணெயில் கழுவி, துருவேறிய இரும்பு உறுப்புகளை வெள்ளை வினிகரில் சில மணிநேரம் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் துரு கழன்று வரும். இரவு முழுக்க மறந்து விட்டுவிடக் கூடாது. வார்ப்பிரும்பு கறுத்துச் சொரசொரப்பாகிவிடும், என் முதல் எண் 5-இன் லீவர் கேப் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஊறியவற்றைச் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, உடனே துடைத்துச் சூடாக்கி உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். உடலின் உள்ளே உள்ள கறுப்புப் பூச்சு தார்போன்ற பொருளால் சூளையில் சுட்டு ஏற்றப்பட்டது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அப்படியே விட்டுவிடுவதுதான் அறிவு. தேதி எழுத்துகள் இருக்கும் படுகையைச் சுரண்டவே கூடாது.

அடிப்பரப்பைச் சமனாக்குவதில் பலர் தேவைக்கு மேல் உழைக்கின்றனர். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, தகட்டை உள்ளே இழுத்து லீவர் கேப்பை வழக்கம்போல இறுக்கிய நிலையிலேயே உடலைத் தேய்க்க வேண்டும். இறுக்கம் இல்லாமல் தேய்த்தால், பின்னர் இறுக்கும்போது வடிவம் மாறும். முன்முனை, வாய்க்குச் சற்று முன்னால் உள்ள பகுதி, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் தாளைத் தொட்டால் போதும். இடையிலே பள்ளம் இருந்தால் மரத்துக்கு அது தெரியப்போவதில்லை.

தீட்டுவதில் சிக்கனம் கூடாது. முதலில் தகட்டின் முதுகு: கூரை ஒட்டிய அரை அங்குலம் மட்டும் கண்ணாடிபோல் தட்டையாக வேண்டும், முழு நீளமும் வேண்டியதில்லை. பிறகு சாய்வு. 25 டிகிரியில் சாணை பிடித்து, கூரின் ஓரத்தை 30 டிகிரியில் 1000 எண் கல்லிலும் அதன்பின் 6000 அல்லது 8000 எண் கல்லிலும் தீட்டினால் போதும். முதுகுப் பக்கத்தில் விரலை வெளிநோக்கித் தடவும்போது கூர் முழுவதும் ஒரே சீராகப் பிசிறு தட்டுப்படும் வரை முதல் கல்லை விடக் கூடாது. பிசிறு எழாத இடத்தில் தீட்டல் இன்னும் கூரை எட்டவில்லை என்று பொருள். பின்னர் முதுகை நயமான கல்லில் தட்டையாக வைத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். எண் 7-இன் கூர் ஏறக்குறைய நேராக இருக்கட்டும். எண் 4-இன் இரு மூலைகளையும் சற்றே கூடுதலாக அழுத்தித் தீட்டினால் பரப்பில் படிக்கோடுகள் விழா. முரட்டு வேலைக்கான எண் 5-இன் கூர் வெளிப்படையாகவே வில்போல் வளைந்திருக்க வேண்டும்.

மேல்தகட்டை அலங்காரப் பொருளாக நினைப்பவர்கள் எதிர் இழையில் மரம் பிய்ந்துவருவதற்குக் கருவியைக் குறைகூறுகின்றனர். ஜப்பானின் யாமகட்டா பல்கலைக்கழகத்தில் கட்டோ, கவாய் ஆகிய ஆய்வாளர்கள் உருப்பெருக்கிப் படமெடுத்துக் காட்டிய உண்மை இது: மேல்தகட்டின் விளிம்பு கூருக்கு மிக அருகில், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தொலைவில் நின்றால், எழும் சுருளை அது முன்னோக்கி அழுத்தி வளைத்துவிடுவதால் மரம் கூருக்கு முன்னால் பிளந்து ஓடுவது நின்றுவிடுகிறது. எனவே மெருகூட்டும் எண் 4-இல் மேல்தகட்டைக் கூரிலிருந்து ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டரிலும், எண் 5-இல் ஒன்றரை மில்லிமீட்டரிலும் வைக்க வேண்டும். அதற்கு முன்பு இரண்டு தகடுகளையும் சேர்த்து இறுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடுக்கில் ஒளி தெரிந்தால் அங்கே சுருள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். மேல்தகட்டின் விளிம்பைக் கல்லில் சற்று உள்நோக்கிய சாய்வோடு தேய்த்து அந்த இடுக்கை மூட வேண்டும்.

பொருத்தி இழைத்தல்

ஃப்ராக்கின் முகம் வாயின் பின்விளிம்போடு ஒரே தளத்தில் சேருமாறு வைத்துத் திருகுவதே தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பானது. லீவர் கேப்பின் நடுத்திருகை, தகடு அசையாமலும் ஆழச் சக்கரம் விரலுக்கு இணங்கியும் இருக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும்; சக்கரத்தைத் திருப்ப இடுக்கி தேவைப்பட்டால் இறுக்கம் மிகுதி. தகட்டை முழுவதும் உள்ளே இழுத்த நிலையில் தொடங்கி, கருவியைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பரப்பின் வழியே நீளவாக்கில் பார்த்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மெல்லிய கறுப்புக் கோடாகத் தகடு எழும். ஒரு பக்கம் முந்தினால் பக்கவாட்டு நெம்பால் சரிசெய்யலாம். பிறகு ஒரு சிறு மரச்சில்லை வாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி இழுத்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒரே தடிமனில் சுருள் வருகிறதா என்பது தெரிந்துவிடும். சக்கரத்தில் எப்போதும் கால் சுற்றாவது, தகட்டை நகர்த்தாத வெற்றாட்டம் இருக்கும். ஆகவே ஆழத்தைக் குறைத்த பின் சக்கரத்தை மீண்டும் முன்னோக்கித் திருப்பி, அது தகட்டைத் தாங்கும் நிலையில் நிறுத்த வேண்டும். இல்லையேல் இழைக்க இழைக்கத் தகடு தானே பின்வாங்கும்.

பலகையின் பக்க விளிம்பைப் பார்த்தால் மர இழை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியும். அது ஏறும் திசையிலேயே இழைக்க வேண்டும். தள்ளத் தொடங்கும்போது அழுத்தம் முன்குமிழில், நடுவில் இரு கைகளிலும் சமமாக, முடியும்போது பின்கைப்பிடியில். இந்த மாற்றத்தைச் செய்யாததால்தான் புதியவர்கள் இழைத்த பலகை இரு முனைகளிலும் சரிந்து நடுவில் மேடாகிறது. முரட்டுப் பலகையை முதலில் எண் 5-ஆல் குறுக்காகவும் மூலைவாட்டிலும் இழைத்து முறுக்கை எடுத்து, எண் 7-ஆல் நீளவாக்கில் சமனாக்கி, கடைசியில் எண் 4-ஆல் ஒளி ஊடுருவும் சுருளாக எடுப்பது முறையான வரிசை. எண் 7 கிடைக்கவில்லையென்றால் நான்கடிக்கு உட்பட்ட விளிம்புகளுக்கு எண் 5 போதும்.

தேக்கில் சிலிக்கா என்னும் மணற்சத்து இருப்பதால் கூர் விரைவாக மழுங்கும்; ஊசியிலை மரங்களை வைத்து எழுதப்பட்ட வெளிநாட்டு வழிகாட்டிகளை நம்பி ஒரே தீட்டலில் ஒரு கதவை முடித்துவிட எண்ணுபவர் ஏமாறுவார். தள்ளும் விசை கூடுவதும், சுருள் நீண்டு வராமல் நொறுங்குவதும், பரப்பு பளபளப்பை இழப்பதும் மீண்டும் தீட்டச் சொல்லும் அறிகுறிகள். அந்த நிலையில் தகட்டை இன்னும் வெளியே தள்ளி வேலையைத் தொடர்ந்தால் மரம் பிய்ந்து, தீட்டுவதற்கு ஆகும் ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணிநேரம் உப்புத்தாளோடு போகும். கடலோர ஊர்களில் உள்ளவர்கள் வேலை முடிந்ததும் வியர்வைக் கைபட்ட பக்கச் சுவர்களைத் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, தகட்டை வாய்க்குள் இழுத்து வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.